எத்தனை கிராம் எடுக்க வேண்டும்?

ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு நாள், கால் லிட்டர் 0.1 மோலார் தாமிர சல்பேட் கரைசல் தேவைப்பட்டது. தாமிரத்துக்கு 63.55, கந்தகத்துக்கு 32.06, நான்கு ஆக்சிஜனுக்கு 64 என்று கூட்டி 159.6 என்று வைத்துக்கொண்டேன். அதை 0.1 ஆலும் 0.25 ஆலும் பெருக்க 3.99 கிராம் வந்தது. நீலப் படிகத்தை நிறுத்துக் கரைத்து, குடுவையில் குறிவரை நிரப்பி மேசைமேல் வைத்தேன். ஆய்வக உதவியாளர் வந்து குடுவையைப் பார்த்தார், பிறகு பாட்டிலைப் பார்த்தார். “சார், இதுல பென்டாஹைட்ரேட்டுன்னு போட்டிருக்கே. உள்ள இருக்கிற தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டீங்களா?” என்று கேட்டார்.

நான் சேர்த்திருக்கவில்லை. அந்த நீலப் படிகத்தில் ஒரு மோல் தாமிர சல்பேட்டோடு ஐந்து மோல் நீரும் கட்டுண்டு கிடக்கிறது. அதன் மோலார் நிறை 249.7. எடுத்திருக்க வேண்டியது 6.24 கிராம். குடுவையில் இருந்த கரைசலின் செறிவு 0.1 மோலாருக்குப் பதில் 0.064 மோலார்தான்.

என் பெருக்கல் சரியாகத்தான் இருந்தது. பாட்டிலைப் படிக்காமல் பெருக்கினேன், அதுதான் தவறு. அதற்குப் பிறகு மாணவர்கள் தயாரித்த கரைசல்களில் நான் கண்ட பிழைகளும் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே இந்த அத்தியாயத்தில் சூத்திரத்துக்குக் கொஞ்சம் இடம் போதும். பாட்டில், தராசு, குடுவை இவற்றுக்கே அதிக இடம் தரப்போகிறேன்.

கணக்கு

சூத்திரம் ஒன்றுதான்:

கரைபொருளின் நிறை (கிராம்) = மோலாரிட்டி × கன அளவு (லிட்டர்) × மோலார் நிறை

மோலாரிட்டி என்றால் ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பது. அதைக் கன அளவால் பெருக்கினால் தேவையான மோல் எண்ணிக்கை கிடைக்கும். மோலார் நிறையால் மறுபடி பெருக்கினால் அது கிராமாக மாறும். சூத்திரம் மறந்துபோனாலும் இந்த இரண்டு படிகள் நினைவிலிருந்தால் போதும்.

மோல் என்பது ஓர் எண்ணிக்கை. 2019ஆம் ஆண்டு மே 20 முதல் அதன் மதிப்பு 6.02214076 × 10²³ என்று திட்டமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இத்தனை துகள்களை யாராலும் எண்ண முடியாது. ஒரே வகைக் காசுகள் மூட்டையாக இருந்தால், ஒரு காசின் எடை தெரிந்தவர் மொத்தத்தையும் தராசில் வைத்து எண்ணிக்கையைச் சொல்லிவிடுவார் அல்லவா? வேதியியலில் நாம் செய்வதும் அதேதான். துகள்களை எண்ண விரும்புகிறோம். கையில் இருப்பதோ தராசு. இரண்டையும் இணைப்பது மோலார் நிறை.

மில்லிலிட்டரை லிட்டராக மாற்ற மறக்காதீர்கள். 250 மி.லி. என்றால் 0.25. மாற்றாமல் பெருக்கியவருக்கு விடை ஆயிரம் மடங்காக வரும். கால் லிட்டர் குடுவைக்கு 6 கிலோ தாமிர சல்பேட் என்று விடை வந்தால் மனம் உடனே மறுக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததும் ‘இது குடுவைக்குள் போகுமா?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம் கணிப்பானைவிட நம்பகமானது.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு பயிற்சி

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பல வீடுகளில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அறிவித்த கலவையின்படி, ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக 20.5 கிராம் சேரும். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

குளுக்கோஸின் மோலார் நிறை 180.2. 13.5ஐ அதால் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். உப்பு 2.6 ÷ 58.44 = 44.5 மில்லிமோல். சிட்ரேட்டுக்கு வரும்போதுதான் கவனம் வேண்டும். பொட்டலத்தில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகள் கொண்ட டைஹைட்ரேட். மோலார் நிறை 294.1. ஆகவே 9.9 மில்லிமோல். ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம் இருப்பதால் அதிலிருந்து 29.6 மில்லிமோல் சோடியம் வருகிறது. உப்பின் 44.5ஐயும் இதையும் கூட்டினால் 74.1, ஏறத்தாழ 75. குளுக்கோஸும் 75, சோடியமும் 75. குடலில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒருசேர உள்ளிழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. அந்தப் பொருத்தத்துக்காகவே இந்த அளவுகள். கிராம் கணக்கில் பார்த்தால் 2.6, 13.5, 2.9 என்று தொடர்பில்லாமல் தெரிபவை மோல் கணக்கில் ஒழுங்காகி நிற்கின்றன. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுப்பது ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே புரியும்.

பாட்டிலில் என்ன படிப்பது

முதலில் நீர். லேபிளில் அன்ஹைட்ரஸ், மோனோஹைட்ரேட், டைஹைட்ரேட், பென்டாஹைட்ரேட், டெக்காஹைட்ரேட் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே மோலார் நிறையும் அச்சாகியிருக்கும். உங்கள் மனக்கணக்கை ஒதுக்கிவிட்டு அந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம் கார்பனேட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நீரற்றதாக இருந்தால் மோலார் நிறை 106.0, பத்து நீர் மூலக்கூறுகளோடு இருந்தால் 286.1. கால் லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முதலாவதில் 2.65 கிராம், இரண்டாவதில் 7.15 கிராம் தேவை. ஒரே பெயர், ஒரே வெண்மை, ஆனால் ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு.

பத்து நீர் கொண்ட அந்தப் படிகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மூடி சரியாக இல்லாத பாட்டிலில் அது நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து மாவாகிவிடும். பாதி மாவாகிப் போனதில் எவ்வளவு நீர் மிச்சம் என்று சொல்ல வழியில்லை. அதை வைத்துத் திட்டக் கரைசல் தயாரிக்க முயல வேண்டாம். நீரற்ற கார்பனேட்டைச் சூடாக்கி உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவைத்து எடுப்பதே சரி.

அடுத்தது தூய்மை. ‘98%’ என்று போட்டிருந்தால், கணக்கில் வந்த நிறையை 0.98ஆல் வகுக்க வேண்டும். பெருக்கிவிடுபவர்கள் உண்டு. தூய்மை குறைந்த பொருளைக் கூடுதலாகத்தான் எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

மோர் உப்பு: ஒரு முழுக் கணக்கு

பிளஸ் டூ செய்முறையில் பருமனறி பகுப்பாய்வு செய்த எவருக்கும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைத் தெரியும். பியூரெட்டில் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் இந்த இளம்பச்சைக் கரைசல். இதை மோர் உப்பு என்கிறோம். 1806இல் பிறந்த ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபிரெடரிக் மோரின் பெயர் அது. தரம்பார்த்தல் முறைகளைத் தொகுத்து 1855இல் நூலாக்கியவர் அவர். இரும்பு சல்பேட்டே இருக்க, இந்த இரட்டை உப்பு எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சாதாரண ஃபெரஸ் சல்பேட் படிகம் காற்றில் நீரையும் இழக்கும், ஆக்சிஜனேற்றமும் அடையும். மோர் உப்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. நிறுத்த நிறையை நம்பலாம். பள்ளி ஆய்வகம் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இந்த நம்பகம்தான்.

30 மாணவர்களுக்கு 0.1 நார்மல் கரைசல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 20 மி.லி. வீதம் மூன்று நான்கு முறை எடுப்பார். பிப்பெட்டைக் கழுவவும் கொஞ்சம் போகும். சிந்துவதையும் சேர்த்து ஆளுக்கு 150 மி.லி. என்றால் மொத்தம் 4.5 லிட்டர். 5 லிட்டராகத் தயாரிப்பது நல்லது, நடுவில் தீர்ந்துபோய் இரண்டாவது முறை தயாரித்தால் செறிவு அப்படியே அமையாது.

இங்கே செறிவு நார்மாலிட்டியில் இருக்கிறது. அப்போது மோலார் நிறைக்குப் பதிலாகச் சமான நிறையைப் போட வேண்டும். ஆக்சிஜனேற்ற வினையில், ஒரு மோல் பொருள் இழக்கும் அல்லது ஏற்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையால் மோலார் நிறையை வகுத்தால் சமான நிறை. ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காக மாறும்போது ஒரு எலக்ட்ரான்தான் போகிறது. ஆகவே மோர் உப்பின் சமான நிறையும் 392.1 தான். 392.1 × 0.1 × 5 = 196 கிராம்.

மற்ற பொருள்களில் இது இவ்வளவு எளிதாக அமையாது. ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மோலார் நிறை 126.1. ஒரு மோல் இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால் சமான நிறை 63. 5 லிட்டர் 0.1 நார்மலுக்கு 31.5 கிராம், 0.1 மோலாருக்கு 63 கிராம். பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்பதால் 158 ÷ 5 = 31.6. அதே பெர்மாங்கனேட் நடுநிலை ஊடகத்தில் மூன்றைத்தான் ஏற்கும். சமான நிறை 52.7 ஆகிவிடும். பொருள் மாறாமல் வினை மட்டும் மாறினாலும் நார்மாலிட்டி மாறும். எந்த வினைக்கு என்று சொல்லாமல் நார்மாலிட்டியைச் சொல்வது பாதித் தகவல்தான். எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு: மோலாரிட்டியில் யோசியுங்கள், தேர்வுக்குத் தேவையான இடத்தில் மட்டும் நார்மாலிட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மோர் உப்பை வெறும் நீரில் கரைத்தால் கரைசல் மெல்ல மெல்லக் கலங்கிப் பழுப்பேறும். அதனால் லிட்டருக்குச் சுமார் 20 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்த, ஆறிய நீரில் கரைக்கிறோம். நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மெதுவாக, கலக்கிக்கொண்டே. அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

இனி ஒரு சின்னத் தந்திரம். கால் லிட்டருக்கு 9.804 கிராம் என்று கணக்கு வந்தால், தராசில் சரியாக 9.804 வரும்வரை ஒரு படிகத்தைப் போட்டு ஒரு படிகத்தை எடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஏறத்தாழ அந்த அளவுக்கு நிறுத்து, வந்த நிறையைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 9.912 கிராம் வந்தது என்றால் 9.912 ÷ (392.1 × 0.25) = 0.1011 நார்மல். தரம்பார்த்தலுக்கு 0.1 என்ற உருண்டை எண் தேவையில்லை. உண்மையான எண் தெரிந்தால் போதும்.

நிறுத்தாலும் நம்பக் கூடாதவை

சில பொருள்களுக்கு இந்தக் கணக்கு தோராயத்துக்கு மேல் உதவாது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் தராசில் வைத்த நிமிடத்திலேயே காற்றின் ஈரம் ஏறி நிறை கூடிக்கொண்டே போகும், கார்பன் டை ஆக்சைடையும் அது உறிஞ்சும். ஒரு லிட்டர் 0.1 மோலாருக்கு 4 கிராம் என்று கணக்கு சொல்லும். 4.1, 4.2 என்று கொஞ்சம் கூடுதலாக எடுத்து, கரைத்து ஆறவைத்து நிரப்பி, பிறகு ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசலோடு ஃபினாப்தலீன் வைத்துத் தரம்பார்த்து உண்மையான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும். வில்லைகளைக் காகிதத்தில் நிறுக்க வேண்டாம். அலுமினியக் கிண்ணத்திலும் வேண்டாம், அதோடு வினைபுரியும். கண்ணாடிப் பீக்கரே பத்திரம்.

பெர்மாங்கனேட்டும் அப்படித்தான். அதில் மாங்கனீசு டை ஆக்சைடு சிறிதளவு கலந்திருக்கும். நீரில் உள்ள தூசும் அதைச் சிதைக்கும். 0.1 நார்மல் கரைசல் வேண்டுமென்றால் லிட்டருக்கு 3.2 கிராம் எடுத்துக் கரைத்து, கொதிக்கவைத்து, ஆறிய பின் கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டி, பழுப்பு பாட்டிலில் வையுங்கள். வடிதாளில் வடிகட்டினால் தாளே அதை ஒடுக்கிவிடும். இதைத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு நாளாவது முன்னால் செய்துவிட வேண்டும்.

பாட்டிலில் திரவமாக வருபவை

அடர் அமிலங்களை நிறுக்க மாட்டோம், அளப்போம். அதற்கு லேபிளிலிருந்து இரண்டு எண்கள் வேண்டும்: நிறைச் சதவீதம், அடர்த்தி. கந்தக அமிலம் 98%, அடர்த்தி 1.84. அரை லிட்டர் 1 மோலார் வேண்டுமென்றால் 0.5 மோல், அதாவது 49.04 கிராம் தூய அமிலம். 0.98ஆல் வகுத்தால் 50.04 கிராம். அதை 1.84ஆல் வகுத்தால் 27.2 மி.லி. சுமார் 300 மி.லி. நீரில் இதை மெதுவாகச் சேர்த்து, ஆறவிட்டுப் பிறகு அரை லிட்டராக்குங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் வழி இதுவே. 37%, 1.19 என்று லேபிள் சொன்னால் அது ஏறத்தாழ 12 மோலார். ஒரு லிட்டர் 0.1 மோலாருக்கு 8.3 மி.லி. போதும்.

சதவீதக் கரைசல்களைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவமனையில் ஏற்றும் 0.9% உப்புக் கரைசல் என்பது 100 மி.லி. கரைசலில் 0.9 கிராம், லிட்டருக்கு 9 கிராம். அது நிறை-கன அளவுச் சதவீதம். அமில பாட்டிலில் உள்ளதோ நிறை-நிறைச் சதவீதம். நீர்த்த கரைசலில் இரண்டும் நெருங்கியே இருக்கும். செறிவு ஏற ஏற விலகும். நிறை-நிறையாக 10% உப்புக் கரைசலில் லிட்டருக்கு 107 கிராம் உப்பு இருக்கும். நிறை-கன அளவாக என்றால் 100 கிராம்தான்.

குடுவையும் தராசும்

‘ஒரு லிட்டர் கரைசல்’ என்பதை ‘ஒரு லிட்டர் நீர்’ என்று படிப்பது அடுத்த பெரிய பிழை. சர்க்கரையின் மோலார் நிறை 342.3. அத்தனை கிராமை ஒரு லிட்டர் நீரில் கொட்டிக் கரைத்தால் மொத்தம் சுமார் 1.2 லிட்டராகிவிடும், செறிவு 1 மோலாருக்குப் பதில் 0.82 ஆகும். பாகு காய்ச்சியவர்களுக்குச் சர்க்கரை விழுந்ததும் பாத்திரத்தில் மட்டம் ஏறுவது தெரியும். ஆகவே குறைந்த நீரில் முதலில் கரைத்து, பீக்கரைக் கழுவிய நீரையும் குடுவையிலேயே ஊற்றி, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு குறிவரை நிரப்ப வேண்டும். நீர் மட்டத்தின் குழிந்த அடிப்புறம் கோட்டைத் தொட வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது, கரைபொருளும் அதோடு போய்விடும். கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

குடுவையின் கழுத்தில் 20 அல்லது 27 டிகிரி செல்சியஸ் என்று ஒரு வெப்பநிலை அச்சாகியிருக்கும். அந்த வெப்பநிலையில்தான் அதன் கொள்ளளவு அவ்வளவு. 27 என்பது நம் நாட்டு அறைகளுக்கு ஏற்றது. சூடான கரைசலை ஊற்றிக் குறிவரை நிரப்பினால், ஆறியதும் மட்டம் இறங்கிவிடும்.

தராசின் எல்லையையும் பாருங்கள். 100 மி.லி. 0.001 மோலார் பெர்மாங்கனேட்டுக்கு 0.0158 கிராம் தேவை. இரண்டு தசம இடம் காட்டும் தராசில் இதை நிறுப்பது வெறும் ஊகம். ஒரு லிட்டருக்கு 1.58 கிராம் எடுத்து 0.01 மோலார் தயாரித்து, அதிலிருந்து 10 மி.லி. பிப்பெட்டில் எடுத்து 100 மி.லி. ஆக்குங்கள். தராசால் முடியாததைப் பிப்பெட் செய்து தரும். வாயால் மட்டும் உறிஞ்ச வேண்டாம். ரப்பர் குமிழ் வைத்து எடுங்கள்.

தயாரித்த ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டுங்கள். பொருளின் பெயரோடு அது எந்த ஹைட்ரேட் என்பதையும், உண்மையில் நிறுத்த நிறை, கன அளவு, செறிவு, தேதி, உங்கள் பெயரின் முதல் எழுத்து இவற்றையும் எழுதுங்கள். செறிவை மட்டும் எழுதிவிட்டுப் போனால், நாளை அந்த எண் தவறென்று தெரியும்போது அதைத் திருத்த ஒருவராலும் முடியாது. நிறுத்த நிறை எழுதியிருந்தால் உங்களுக்குப் பின் வருபவர் மறுபடி கணக்குப் போட்டுக்கொள்வார்.